கியூக் கோலைக் கீழே வைத்த பிறகும் மாதாமாதம் பணம் வர: மலையக ஸ்னூக்கர் ஆட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று மலையக நகரங்களில் ஸ்னூக்கர் பழகி, அதிலேயே பிழைக்க நினைப்பவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் இதை எழுதுகிறோம். கிளப்பிலோ ஹோட்டலிலோ மார்க்கராக (புள்ளி குறித்து மேசையைப் பார்த்துக்கொள்பவராக) இருப்பவர், பயிற்சி கொடுப்பவர், போட்டிப் பரிசை நம்பி ஆடுபவர், வெளிநாட்டுத் தொழில்முறைச் சுற்றுக்குப் போக ஆசைப்படுபவர் என எல்லோருக்கும் இதில் செய்ய ஏதாவது இருக்கும்.

இந்த விளையாட்டில் திறமை குறைவதற்கு முன்பே வருமானம் நின்றுவிடும். 35 வயதில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர்கூடத் தரவரிசையில் நழுவினால் அடுத்த பருவத்தில் அவருக்குப் போட்டியே இல்லை. பரிசுப் பணம் மொத்தமாக எப்போதாவது வருகிறது. அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மாதாமாதம் வருகின்றன. ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அந்த மொத்தப் பணத்தை மாதங்களாக உடைத்து வைக்கப் பழகியவர்தான் பிறகு தப்புகிறார்.

தொழில்முறைச் சுற்றின் உண்மைக் கணக்கு

உலக ஸ்னூக்கர் சுற்றில் ஆட ‘டூர் கார்ட்’ வேண்டும். கியூ ஸ்கூல் தகுதிப் போட்டி வழியாகவோ, உலக அமெச்சூர் பட்டம் போன்ற ஒன்றை வென்றோ வருபவருக்கு அது 2 ஆண்டுக்குக் கிடைக்கும். தரவரிசை என்பது கடந்த 2 ஆண்டுகளில் வென்ற பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகை. புதிதாக வருபவர் பூச்சியத்தில் தொடங்குகிறார். 2 ஆண்டு முடியும்போது முதல் 64 பேருக்குள் இருந்தால் கார்ட் தங்கும். வெளியே இருந்தால், வேறு வழியில் தகுதி பெறாதவரை, போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2 ஆண்டுக்கு முன் ஒரு போட்டியில் வென்ற பெரிய தொகை, அந்தப் போட்டி மீண்டும் வரும்போது கணக்கிலிருந்து கழிந்துவிடும். நீங்கள் முன்போலவே ஆடினாலும் தரவரிசை சரியலாம். எனவே ஒரு நல்ல பருவம் முடிந்ததும், ‘இந்தத் தொகை எப்போது கழியும்’ என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வருமானம் ஆட்டங்காணும் காலம் எதுவென்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

2024 உலகச் சம்பியன்ஷிப்பில் வெற்றியாளருக்கு 500,000 ஸ்டேர்லிங் பவுண். ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்குக்குத் தகுதி பெற்று அங்கே முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 20,000. தகுதிப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு எதுவும் இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்க 2022-23 பருவத்தில் ஒரு திட்டம் வந்தது. கார்ட் வைத்திருப்பவருக்குப் பருவத்துக்குக் குறைந்தது 20,000 பவுண் உறுதி என்றார்கள். அது பரிசுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் பணம் அல்ல. முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, வெல்லும் பரிசிலிருந்து கழிப்பார்கள். 12,000 வென்றவருக்கும் 20,000, ஒன்றும் வெல்லாதவருக்கும் 20,000 என்பதுதான் அதன் பொருள். கார்ட் எடுப்பதற்கு முன், அந்தப் பருவத்தில் உறுதித்தொகை நடைமுறையில் இருக்கிறதா, எவ்வளவு, எப்போது கையில் வரும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

20,000 பவுண் ரூபாயில் மலைப்பாகத் தெரியும். செலவை வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: இங்கிலாந்தில் ஓர் அறை மாதம் 600 வீதம் ஆண்டுக்கு 7,200. பயிற்சி மேசை மாதம் 200 வீதம் 2,400. சாப்பாடு மாதம் 300 வீதம் 3,600. 15 போட்டிகளுக்குப் பயணமும் தங்குமிடமும் சராசரி 350 வீதம் 5,250. கூட்டினால் 18,450. மிச்சம் 1,550 பவுண், அதுவும் வரிக்கு முன். ஆசியப் போட்டி ஒன்றுக்கு விமானச்சீட்டு எடுத்தால் அதுவும் கரையும். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான விலைகளைப் போட்டு இதே கணக்கை வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போனால், அந்த 2 ஆண்டுக்கும் யார் பணம் போடுகிறார்கள், தோற்றால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பது புறப்படும் முன்பே தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வாங்கிய அனுசரணை, கார்ட் போன பிறகு கடனாக மாறும்.

அமெச்சூர் நிலையில் பெருமை உண்டு, பணம் குறைவு. 1973இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று இந்த நாட்டின் பெயரை உலகத்துக்குச் சொன்னார். அந்த அளவு பட்டம்கூட மாத வருமானமாகத் தானாக மாறுவதில்லை. பட்டம் வென்றவர் அதை வேலையாக, பயிற்சி ஒப்பந்தமாக, அனுசரணையாக மாற்ற வேண்டியது அந்த ஆண்டுக்குள். அடுத்த ஆண்டு வேறொருவர் பெயர் வந்துவிடும்.

சம்பள வேலை இருந்தால் சேமலாப நிதியை விடாதீர்கள்

மலையகத்தில் ஸ்னூக்கரால் வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு அடிப்படை வருமானம் ஏதாவது ஒரு சம்பள வேலையிலிருந்துதான் வரும். கிளப் மார்க்கர், ஹோட்டல் பணியாளர், மண்டபப் பொறுப்பாளர். இதில் மிகப் பெரிய இழப்பு, பலருக்குத் தெரியாமலே நடக்கும் ஊழியர் சேமலாப நிதி இழப்பு.

சட்டம் தெளிவானது. தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். தற்காலிகம், பயிற்சிக்காலம், நாள் சம்பளம் என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து இது பொருந்தும். மாதச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 4,000, முதலாளி பங்கு 6,000, நம்பிக்கை நிதி 1,500. ‘சேமலாப நிதி வேண்டாம், கையில் 3,000 கூட்டித் தருகிறேன்’ என்று முதலாளி சொன்னால் மாதம் 4,500 ரூபாயை நீங்கள் அவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்.

20 ஆண்டில் சேமலாப நிதிக்கு மட்டும், வட்டியைச் சேர்க்காமல், 24 இலட்சம் ரூபாய் போயிருக்கும். பெரிய தொகைதான். ஆனால் 55 வயதில் எடுத்து 80 வரை வாழ்ந்தால் அது 300 மாதம். 24 இலட்சத்தை 300ஆல் வகுத்தால் மாதம் 8,000. வட்டி இதைக் கூட்டும், விலைவாசி இதைத் தின்னும். ஆகவே சேமலாப நிதி இருப்பதால் எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. அது அத்திவாரம், அதற்கு மேல் இன்னும் கட்ட வேண்டும்.

பணிக்கொடை இன்னொரு பங்கு. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு நிறைவு செய்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். 50,000 சம்பளத்தில் 20 ஆண்டு என்றால் 5 இலட்சம். ஆட்டக்காரர்கள் இதை இழப்பது இப்படி: நான்கரை ஆண்டு வேலை செய்துவிட்டு, ஒரு போட்டிக்காக விடுப்புக் கேட்டு, கிடைக்காமல் கோபத்தில் வேலையை விட்டுவிடுவார்கள். 5 ஆண்டு நிறையும் நாள் எதுவென்று தெரிந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சம்பளமில்லா விடுப்பை எழுத்தில் கேட்டு அனுமதி பெற்றால் சேவை முறியாது.

டிப்ஸ் பணத்துக்குச் சேமலாப நிதி கிடையாது. அடிப்படைச் சம்பளம் சிறிது, டிப்ஸ் பெரிது என்ற ஏற்பாட்டில் இருப்பவர் இளமையில் நன்றாகச் சம்பாதிப்பதுபோல் உணர்வார், 55 வயதில் நிதியில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவர் தினமும் வரும் டிப்ஸில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டே ஆக வேண்டும்.

நிதிக் கணக்கில் பணம் உண்மையில் விழுகிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள். சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழித்துவிட்டு மத்திய வங்கிக்குக் கட்டாமல் விடும் இடங்கள் உண்டு. இரண்டு மாதம் விழவில்லை என்றால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். தாமதத்துக்கு முதலாளி மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்ட பிறகு முறையிட்டால் வசூலிப்பது மிகக் கடினம்.

நம்பிக்கை நிதியை வேலை மாறும்போது எடுக்கலாம் என்பதால் பலர் எடுத்துக் கியூவும் கைபேசியும் வாங்கிவிடுகிறார்கள். அதை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. விட்டு வைத்தால் வட்டியோடு இருக்கும்.

முதலாளி இல்லாதவருக்கு

பயிற்சிக் கட்டணம், பரிசு, மேசைப் பராமரிப்பு என்று சொந்தமாகச் சம்பாதிப்பவருக்கு யாரும் 12 சதவீதம் போட மாட்டார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சுயதொழில் செய்பவராக ஊழியர் நம்பிக்கை நிதியில் தாமாகச் சேர்வது. இன்னொன்று, 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்பு சபையின் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 59 வயது வரை சேரலாம், 60இல் ஓய்வூதியம் தொடங்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். சிறு வயதில் சேர்ந்தால் தவணை சிறிது. 22 வயதில் சேர்பவரும் 45 வயதில் சேர்பவரும் ஒரே ஓய்வூதியத்துக்குக் கட்டும் தொகை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: 60 வயதில் மாதம் எவ்வளவு என்று இப்போதே எழுதப்படுகிறதா? அந்தத் தொகை பிறகு உயருமா? இடையில் கட்ட முடியாமல் போனால் கட்டியது என்னவாகும்? நான் இறந்தால் மனைவிக்கு வருமா? ரூபாயில் நிலையாக எழுதப்படும் தொகை, 30 ஆண்டு கழித்து இன்றைய அளவுக்கு வாங்காது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அதைக் கண்டவர்கள் நிலைத்த ரூபாய்த் தொகை ஒன்றை மட்டும் நம்பி முதுமையைத் திட்டமிடக் கூடாது. திட்டத்தில் சேருங்கள், ஆனால் அது பல கால்களில் ஒன்றாக இருக்கட்டும்.

பரிசு வந்த வாரத்தில்

பணம் கணக்கில் விழுந்த முதல் 7 நாள்தான் முக்கியம். அதன் பிறகு பணத்துக்கு ஆளுக்கொரு உரிமையாளர் வந்துவிடுவார்கள். வரிசை இதுதான்:

1. வரிப் பங்கு. மூலத்தில் பிடிக்கப்படாத பணமாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்.
2. அடுத்த பருவத்தின் ஆட்டச் செலவு. நுழைவுக் கட்டணம், பயணம், மேசை வாடகை.
3. வீட்டின் 6 மாதச் செலவு. இது கைக்கு எட்டும் சேமிப்புக் கணக்கில்.
4. மிச்சத்தில் பாதி, உடனே எடுக்க முடியாத இடத்துக்கு: நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், ஓய்வூதியத் தவணை.
5. கடைசியில் மீதி. வீட்டுக்கும் உறவுக்கும் கொடுப்பது இதிலிருந்து.

ஐந்தாவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. லயத்தில் வளர்ந்த ஒரு பையன் போட்டியில் வென்றான் என்றால் அது அவனுடைய வெற்றி மட்டும் அல்ல. அப்பாவின் கடன், தங்கச்சியின் கல்யாணம், கூரைத் தகரம், மாமாவின் ஆட்டோ லீசிங், கோயில் திருவிழா எல்லாம் அந்தப் பணத்தை எதிர்பார்க்கும். அவன் ஆடப் போன காலத்தில் மேலதிகக் கொழுந்து பறித்து அனுப்பிய அம்மாவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் தொகையை முதலில் தீர்மானித்துவிட்டுக் கொடுங்கள். அம்மாவுக்கு மாதாமாதம் 10,000 என்று வங்கியில் நிலையான கட்டளை போட்டுவிட்டால், ஒரே நாளில் 3 இலட்சம் கொடுத்து அடுத்த மாதம் கைவிரிப்பதைவிட அவருக்கும் அது பாதுகாப்பு. பெரிய தொகை கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒருவரைக் கூட்டுக் கணக்கில் சேருங்கள். ‘அக்காவின் கையெழுத்தும் வேண்டும்’ என்பது உண்மையாக இருந்தால் சொல்வதும் எளிது.

நிலையான வைப்பில் கவனிக்க ஒன்று. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டு, மூன்று வங்கிகளாகப் பிரியுங்கள். இரண்டு சதவீதம் கூடுதல் வட்டிக்காக, உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் நிதி நிறுவனத்தில் போட்டு முதலையே இழந்த குடும்பங்கள் நாட்டில் ஏராளம். மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் எவ்வளவு தெரிந்தவர் நடத்தினாலும் வேண்டாம்.

வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கப்படும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால், வரி இலக்கத்தோடு சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இதைச் செய்யாமல் சும்மா விட்டுவிடும் வயதானவர்கள் நிறைய.

வெளிநாட்டில் வென்ற பணம்

வெளிநாட்டுப் பரிசு வங்கி வழியாகவே வரட்டும். பெறுவதற்கு முன்பே தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. அந்த நாட்களில் சேமிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டு நாணயத்தில் வைத்திருந்தவரின் 10 ஆண்டு உழைப்பு தப்பியது. எல்லாவற்றையும் ரூபாயாக மாற்ற அவசரம் இல்லை. வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள்.

பிரித்தானியாவில் வதியாத விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் தொகையில் 20 சதவீதம் மூலத்திலேயே பிடிக்கும் முறை இருக்கிறது. பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பயணம், தங்குமிடம், மேசை வாடகை போன்ற செலவுகளைக் காட்டி வரித்தாக்கல் செய்தால் ஒரு பகுதி திரும்பி வரலாம். ரசீது இல்லாமல் அது நடக்காது. இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், அங்கே கட்டியதை இங்கே காட்டி வரவு கேட்கலாம். இதற்கு ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

அங்கேயே தங்கிச் சில ஆண்டு தேசியக் காப்புறுதி கட்டினால் அரச ஓய்வூதியம் வரும் என்று நம்பிவிட வேண்டாம். குறைந்தது 10 தகுதி ஆண்டுகள் வேண்டும், முழுத் தொகைக்கு 35. ஒரு கார்ட்டின் 2 ஆண்டு போதாது. 10 ஆண்டு நிறைத்து இலங்கைக்குத் திரும்பினாலும், அந்த ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. முதலில் கிடைத்த தொகையிலேயே நிற்கும்.

ஆட்டக்காரரைக் கவிழ்ப்பவை

முதலாவது சூதாட்டம். மண்டபங்களில் பணம் வைத்து ஆடுவது பழக்கமாகி, பிறகு மற்றவர் ஆட்டத்தில் பணம் கட்டுவதாக வளரும். தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்னூக்கரில் எந்த ஆட்டத்திலும் பணம் கட்டக் கூடாது, சொந்த ஆட்டமானாலும் வேறொருவர் ஆட்டமானாலும். உலக 5ஆம் இடம் வரை உயர்ந்த ஸ்டீபன் லீ ஆட்ட நிர்ணயத்துக்காக 12 ஆண்டுத் தடை பெற்றார். 2023இல் சீன ஆட்டக்காரர்கள் 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் இருவருக்கு வாழ்நாள் தடை. தடை பெற்றவருக்குப் பரிசு மட்டும் போவதில்லை. ஓய்வுக்குப் பிறகு கைகொடுக்க வேண்டிய பயிற்றுநர், நடுவர் வேலைகளும் சேர்ந்து போகின்றன. ஆட்ட நிர்ணயக்காரர்கள் தேடி வருவது கடனில் இருப்பவரிடம். கடன் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் இதற்கு முதல் பாதுகாப்பு.

இரண்டாவது சீட்டு. தெரிந்தவர்களுக்குள் 10 பேர் பிடிக்கும் சீட்டு ஒரு குறுகிய செலவுக்குச் சரி. ஓய்வுக்கால சேமிப்பை அதில் வைக்க முடியாது. ஒருவர் ஓடினால் எழுத்து இல்லை, வழக்கு இல்லை.

மூன்றாவது, உறுதி இல்லாத நிலத்தில் பெரிய வீடு. தோட்ட நிலத்தில் உள்ள லயக் காம்பராவை உடைத்து இரண்டு மாடி எழுப்பினால் வாழ வசதி. ஆனால் பெயரில் உறுதி இல்லாத வீட்டை வங்கி அடமானம் எடுக்காது, விற்கவும் முடியாது. 7 பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்கள்கூட, கையில் இருப்பது பதிவு செய்யப்பட்ட உறுதியா வெறும் கடிதமா என்று காணிப் பதிவகத்தில் பார்த்துவிட்டுத்தான் சேமிப்பை அங்கே கொட்ட வேண்டும். நகரத்தில் உறுதியோடு ஒரு சிறிய கடை அறை வாங்கி வாடகைக்கு விடுவது பெருமைக்குக் குறைவாகத் தெரியலாம். 60 வயதில் வாடகை தருவது அதுதான்.

மேசையைச் சுற்றியே இரண்டாவது தொழில்

எங்கள் பார்வையில் கீழ்வரிசை ஆட்டக்காரருக்கு மிகவும் நம்பகமான ஓய்வூதியம், மேசையைப் பராமரிக்கத் தெரிந்த கை. மலையகத்தில் தோட்டத்துரைமார் காலத்துக் கிளப்புகளிலும் பழைய ஹோட்டல்களிலும் முழு அளவு மேசைகள் இன்னும் இருக்கின்றன. நுவரெலியாவின் ஹில் கிளப்பிலும் கிராண்ட் ஹோட்டலிலும் பார்க்கலாம். இவற்றுக்குத் துணி மாற்றவும் மட்டம் பார்க்கவும் கொழும்பிலிருந்து ஆள் வரவழைப்பது செலவு. ஆடும் காலத்திலேயே இந்த வேலையை ஒரு மேசைக்காரரிடம் உடனிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

முழு அளவு மேசையின் ஆடுதளம் 3,569 க்கு 1,778 மில்லிமீற்றர். கீழே 5 கற்பலகைகள். துணி மாற்றும்போது மேசை ஓரத்து மெத்தைகளையும் பந்து விழும் பைகளையும் கழற்றி, பழைய துணியையும் பசையையும் சுரண்டி, பலகைகளின் மட்டத்தையும் இணைப்புகளையும் பார்த்து, இடைவெளியை நிரப்பித் தேய்த்த பிறகே புதுத் துணி போடலாம். பழைய துணியை உரித்த உடனே புதியதைப் போட்டால், மெதுவாக ஓடும் பந்து இணைப்பின் மேல் திசை மாறும். பிறகு அதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

கம்பளித் துணிக்கு இழைத் திசை உண்டு. அது போல்க் பக்கத்திலிருந்து (ஆட்டத்தைத் தொடங்கும் அடி முனையிலிருந்து) கறுப்புப் பந்தின் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். துலக்குவதும் இஸ்திரி போடுவதும் அதே திசையில். திருப்பிப் போட்டால் பந்தின் வளைவு தலைகீழாகும், ஆட்டக்காரர் முதல் பிரேமிலேயே கண்டுபிடிப்பார். போல்க் முனையின் நடுவில் முதலில் பிடித்து, மறுமுனைக்கு நீளவாக்கில் இழுத்து, பிறகு பக்கங்களை நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்து அடிக்க வேண்டும். பைகளுக்கு வெட்டுவது கடைசி. போல்க் கோடு அடி மெத்தை முகத்திலிருந்து 737 மில்லிமீற்றர், ‘டி’ அரைவட்டத்தின் ஆரம் 292, கறுப்புப் புள்ளி மேல் மெத்தையிலிருந்து 324.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிய கம்பளி தளரும், பந்து இழுபட்டு ஓடும். அந்த ஈரத்தில் இழுத்து அடித்த துணி, பிறகு சுருக்கம் விழும் அல்லது இறுகி முனையில் கிழியும். துணியை அந்த அறையிலேயே ஒரு நாள் விரித்து வைத்து, அறையைச் சூடாக்கி உலர்த்திய பிறகு தொடங்குங்கள். ஈரத் துணியில் சூடான இஸ்திரியை வைத்தால் மஞ்சளாகக் கருகும். ஆடாத நேரத்தில் மேசையை மூடி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பணம் பேசும்போது துணியின் விலையை முன்பணமாக வாங்குங்கள். அது இறக்குமதி, பெரிய செலவு. கூலியும் பயணமும் தனித்தனி. ஆனால் உண்மையான வருமானம் துணி மாற்றுவதில் இல்லை, அது சில ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஒவ்வொரு இடத்தோடும் மாதப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள்: வாரம் ஒருமுறை துலக்கி இஸ்திரி, மாதம் ஒருமுறை கியூ முனைத் தோல் மாற்றுதல், 3 மாதத்துக்கு ஒருமுறை மட்டம். 6 மேசைகளுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தால் மாதாமாதம் வரும் தொகை கையில் இருக்கிறது. ஒரு நகரத்து மேசைகள் மட்டும் போதாது. கண்டியிலிருந்து பதுளை வரை ஒரு சுற்றாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பயிற்றுநர், நடுவர் சான்றிதழ்களைப் பெயர் வெளியே தெரியும் காலத்திலேயே எடுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் கூட்டம், ஹோட்டல் விருந்தினருக்கு மணிக்கணக்கில் கற்றுக்கொடுத்து நன்றாகச் சம்பாதிக்கலாம். மழை தொடங்கியதும் அது நிற்கும். ஏப்ரல் வருமானத்தை 12 மாதத்துக்கும் பிரித்து எழுதாதவர் ஓகஸ்ட்டில் நகையை அடகு வைப்பார்.

கார்ட் போன ஆண்டு

முதல் 3 மாதத்தில் முடிவெடுங்கள். மீண்டும் தகுதிப் போட்டிக்குப் போவதா, எத்தனை முறை, எவ்வளவு செலவில் என்று உச்சவரம்பை எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். பூட்டி வைத்த பணத்தைத் திரும்ப ஆடுவதற்காக உடைக்கக் கூடாது என்பதை மட்டும் கைவிட வேண்டாம். கழுத்து, முதுகு, கண் மூன்றும் இந்த ஆட்டத்தில் முதலில் தேயும். ஊனக் காப்புறுதி எடுப்பதாக இருந்தால் வலி தொடங்கும் முன் எடுங்கள். ‘எந்த வேலையும் செய்ய முடியாத நிலை’ என்று எழுதியிருக்கிறதா, ‘தன் தொழிலைச் செய்ய முடியாத நிலை’ என்றா என்று வாசியுங்கள். முதலாவது வகையில், ஆட முடியாமல் போனவருக்கும் பணம் மறுக்கப்படும்.

தாள்கள்

மலையகத்தில் சேமலாப நிதி விண்ணப்பங்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதி அங்கத்துவ அட்டையான பி காட்டில் மூன்றாவது. தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது மாறிவிடுகிறது. 55 வயதில் நிதியைக் கோரும் கே படிவத்தை நிரப்பும்போது இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டும். முதல் வேலையில் சேரும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறியிருந்தால், பழைய முதலாளி இருக்கும்போதே திருத்தக் கடிதம் வாங்குங்கள். வேலை மாறும்போது கிடைத்த வெவ்வேறு அங்கத்துவ இலக்கங்களை ஒன்றாக இணைக்க விண்ணப்பியுங்கள்.

கல்யாணத்துக்கு முன் அம்மாவைப் பெயரிட்டவர் கல்யாணத்துக்குப் பின் நியமனத்தை மாற்ற மறந்துவிடுகிறார். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, ஒவ்வொரு வங்கி வைப்பு, காப்புறுதி என எல்லாவற்றிலும் நியமனம் தனித்தனி. ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. கணக்கு இலக்கங்கள், நியமனதாரர் பெயர், பத்திரம் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். குழந்தை பிறந்தாலோ வேலை மாறினாலோ அந்தத் தாளைப் புதிதாக எழுதுங்கள்.